நமீபியா: மணலை விடச் சரளைதான் பாடம் எடுக்கும்

பாலைவன நாடு என்றாலே பலருக்கு ஒட்டகச் சவாரி, மாலையில் ஜீப், இரவில் பெல்லி டான்ஸ் என்று ஒரு படம் ஓடும். தென்மேற்கு ஆப்பிரிக்காவின் நமீபியா அந்தப் படம் இல்லை. சுமார் 8,25,000 சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஏறக்குறைய 30 லட்சம் பேர்தான். பேருந்து, ரயிலை நம்பிச் சுற்ற முடியாது. வண்டி எடுத்துத்தான் ஆக வேண்டும். அதனால் இந்த நாட்டுக்குத் திட்டம் போடுவது என்றால் சாலைக்குத் திட்டம் போடுவதுதான். ஹோட்டலெல்லாம் அப்புறம்.

முதல் தவறு, கூகுள் மேப் காட்டும் நேரத்தை நம்புவது. தலைநகர் விண்ட்ஹூக்கிலிருந்து மணற்குன்றுகளுக்கு வாயிலான செஸ்ரியம் 350 கிலோமீட்டருக்குள்தான் வரும். ஆனால் பெரும்பகுதி சரளைச் சாலை. ஐந்து மணி நேரம் வையுங்கள், போட்டோவுக்கு நிறுத்துகிறவர்கள் ஆறு. இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும். இருட்டினால் கூடு (kudu) என்னும் பெரிய மான் சாலையில் வந்து நிற்கும். இரவில் ஊருக்கு வெளியே ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று பல வாடகை ஒப்பந்தங்களில் எழுதியே இருக்கும். கையெழுத்துப் போடுமுன் இன்னொன்றும் படியுங்கள்: வேறு வண்டி எதுவும் மோதாமல் தானாகக் கவிழ்ந்தால் யார் செலவு? பல ஒப்பந்தங்களில் உங்கள் செலவுதான். அங்கே வெளிநாட்டுப் பயணிகளுக்கு நடக்கும் விபத்தும் பெரும்பாலும் இதுவே.

எப்படிக் கவிழ்கிறது? நம்மைப் போலவே இடதுபுறம் ஓட்டும் நாடு, சாலை நேர்க்கோடு, எதிரே ஆளே இல்லை. தைரியம் வந்து 110-ஐத் தொடுவோம். உருளைக் கற்களின் மேல் டயருக்குப் பிடிமானம் குறைவு. வளைவிலோ ஒரு குழியிலோ பின்பக்கம் வழுக்கும். பதறி பிரேக்கை மிதித்து ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தால், உயரமான பிக்கப் வண்டி, அதுவும் மேலே கூரைக் கூடாரத்தைச் சுமந்த வண்டி, உருண்டுவிடும். சரளையில் 80-க்கு மேல் வேண்டவே வேண்டாம். வழுக்கினால் ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை நிதானமாகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விடுங்கள்.

டயர் காற்று இன்னொரு விஷயம். தார்ச் சாலையில் 32 முதல் 35 பிஎஸ்ஐ. சரளைக்கு 26 முதல் 28 வரை இறக்கினால் கூர்கல் குத்துவது குறையும், அலை அலையான மேட்டில் உடம்பும் பிழைக்கும். ஆழ மணலுக்கு 16 முதல் 18. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்துகொள்ளுங்கள். ஓடிச் சூடானபின் அளந்தால் அதிகமாகக் காட்டும். மணலை விட்டு வெளியே வந்ததும் காற்றை ஏற்றாமல் வேகமெடுத்தால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். ஆகவே காற்றழுத்தமானி, சிறு கம்ப்ரெசர், இரண்டு ஸ்டெப்னி மூன்றும் வண்டியில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே சாவியை வாங்குங்கள்.

எல்லோரும் போவது சோசஸ்வ்லே என்னும் மணற்குன்றுப் பகுதிக்கு. செஸ்ரியம் வாயிலிலிருந்து 60 கிலோமீட்டர் தார், கடைசி ஐந்து கிலோமீட்டர் ஆழ மணல். மணலில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் தார் முடியும் இடத்தில் நிறுத்திவிட்டு அங்குள்ள ஷட்டிலில் ஏறுங்கள். இதில் கௌரவம் பார்த்துச் சிக்கிக்கொண்டவர்கள்தான் அதிகம். வாயிலுக்கு உள்ளே இருக்கும் முகாமில் தங்கினால் சூரிய உதயத்துக்கு முன்பே கிளம்ப அனுமதி உண்டு. வெளியே தங்கினால் உதயத்துக்குத்தான் கதவு திறக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்காக உள்ளே கூடுதல் காசு கொடுப்பது தகும் என்பேன். பக்கத்திலேயே உள்ள வறண்ட களிமண் படுகையான டெட்வ்லேயில் நிற்கும் கருத்த முள்மரங்கள் செத்து அறுநூறு, எழுநூறு ஆண்டுகள் ஆகின்றன. மட்கக்கூட ஈரம் இல்லாததால் அப்படியே நிற்கின்றன. அவற்றின் மேல் ஏறிப் போட்டோ எடுக்கிறவர்களை என்ன சொல்ல?

ஆறு நாளில் முடிக்கலாமா என்று கேட்டால், வேண்டாம். பத்து நாளாவது வேண்டும்: செஸ்ரியம் இரண்டு இரவு, கடலோர ஊரான ஸ்வாகொப்முண்ட் இரண்டு, ட்வைஃபெல்ஃபொன்டைன் பாறைச் செதுக்கல்களுக்கு ஒன்று, எடோஷா வனவிலங்குப் பூங்காவுக்கு மூன்று, மீதி விண்ட்ஹூக். எடோஷாவில் வண்டியில் அலைவதை விட ஒகாகுவேயோ முகாமின் விளக்கு போட்ட நீர்நிலை அருகே இரவில் சும்மா உட்காருங்கள், காண்டாமிருகம் தானே வரும். மே முதல் அக்டோபர் வரை உலர்காலம், நீர்நிலைகளில் விலங்குகள் கூட்டமாகச் சேரும் காலம். ஆனால் ஜூன், ஜூலை இரவுகளில் பாலைவனம் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். ஸ்வாகொப்முண்டிலோ பெங்குவேலா குளிர்நீரோட்டத்தால் பனிமூட்டம். பாலைவனம்தானே என்று பருத்திச் சட்டையோடு இறங்கினால் நடுங்க வேண்டியதுதான்.

பணம் நமீபிய டாலர், தென்னாப்பிரிக்க ராண்டுக்குச் சமம். ராண்ட் அங்கே செல்லும்; நமீபிய டாலர் தென்னாப்பிரிக்காவில் செல்லாது, கிளம்புமுன் செலவழித்துவிடுங்கள். பெட்ரோல் பங்க் கண்டால் அரை டாங்க் இருந்தாலும் நிரப்புங்கள், கையில் ரொக்கமும் வையுங்கள். சைவக்காரர்கள் அரிசி, பருப்பை விண்ட்ஹூக் சூப்பர் மார்க்கெட்டிலேயே வாங்கி ஏற்றிக்கொள்வது நல்லது. வழியில் இறைச்சிதான் ராஜ்ஜியம். எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வழியாகப் போய் அங்கே ஊருக்குள் தங்குகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டுச் சான்றிதழ் வைத்திருங்கள். இந்தியா திரும்பும்போதும் கேட்பார்கள்.

பிளக்குக்காக விமான நிலையத்தில் விலை உயர்ந்த அடாப்டர் வாங்க வேண்டாம். நம் வீட்டில் கீசருக்கும் ஏசிக்கும் இருக்கிற பெரிய மூன்று முனை பிளக்தான் அங்கே பொதுவானது. போன் சார்ஜரை அதில் செருகும் மாற்று பிளக் உங்கள் தெரு எலக்ட்ரிக்கல் கடையிலேயே கிடைக்கும். இரண்டாக வாங்குங்கள், ஒன்று எப்படியும் ஏதாவது அறைச் சுவரிலேயே தங்கிவிடும்.