கேட்க ஆளில்லாத அறுபது சென்

எங்கள் ஊர்ப் பூக்கடைத் தம்பியிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. அதில் பூக்கணக்கு இல்லை, கார் எண்கள்தான். இடப்பக்கம் எண், நடுவில் நேரம், வலப்பக்கம் காசு. கார் நிறுத்தக் கட்டணம் கட்டும் கைப்பேசிச் செயலி பழகாத பெரியவர்கள் காரை நிறுத்திவிட்டு நேராக அவரிடம் வருகிறார்கள். "தம்பி, என் வண்டிக்கு அரை மணி நேரம் போட்டுவிடு" என்கிறார்கள். அவர் தம் கைப்பேசியிலேயே கட்டிவிட்டு நோட்டில் குறித்துக்கொள்கிறார். மேலே பத்து இருபது சென் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், கொடுக்காவிட்டால் கேட்பதில்லை. ரப்பர் தோட்டத்தில் படித்தவர் ஒருவர் லயத்துக்கே, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கெல்லாம், கடிதம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாரே, அவருடைய வேலைதான் இது. எழுதுவது மட்டும் மாறியிருக்கிறது.

ஊராட்சி மன்றம் கார் நிறுத்துமிட வசூலை ஒரு தனியார் நிறுவனத்திடம் குத்தகைக்குக் கொடுத்த பிறகு முளைத்த வேலை இது. எந்த மன்றம், எந்த நிறுவனம் என்று எழுதப்போவதில்லை. ஊர்க்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் தங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளலாம், பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கார் நிறுத்தக் காசு வாங்கக் கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. எங்கள் ஊர் இரண்டு தெருக் கடைவீடுகள்தான். சுற்றிலும் ரப்பர் இருந்த காலத்தில் சம்பள நாளன்று தோட்ட லாரி ஆட்களைக் கொண்டுவந்து இறக்கும். சந்தை, அடகுக்கடை, படம் எல்லாம் முடித்து அதே லாரியில் திரும்புவார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையில் பாதி போய் வீடமைப்பு வந்தது. லயத்துச் சனம் அடுக்குமாடிக்கு மாறியது, பஸ்ஸும் நின்றுபோனது. இப்போது வீட்டுக்கு இரண்டு கார்: கடன் ஓடிக்கொண்டிருக்கும் மைவி ஒன்று, கடன் அடைந்த பழைய சாகா ஒன்று. தெரு மட்டும் அதே அகலம்.

கட்டணம் இல்லாத நாள்களில் அந்த இரண்டு தெருவிலும் காலை எட்டு மணிக்கே இடம் நிறைந்துவிடும். நிறைத்தவர்கள் யார்? கடைக்காரர்கள். தங்கள் கடைவாசலில் தங்கள் காரையே சாயங்காலம் வரை போட்டுவிட்டு, "வியாபாரம் இல்லை, எல்லாரும் ஊர்க்கோடி சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறார்கள்" என்று புலம்புவார்கள். பிறகு எப்படி வருவார்கள்? டோனல்ட் ஷூப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஆயுள் முழுக்க இதைத்தான் ஆராய்ந்தார். ஒரு தெருவில் எந்நேரமும் ஓரிரு இடங்கள் காலியாக இருக்கும் அளவுக்கு, அதாவது சுமார் 15 விழுக்காடு இடம் காலியாக இருக்கும்படி, கட்டணம் இருந்தால் போதும் என்பது அவர் கணக்கு. காலியிடம்தான் நோக்கம், காசு அதற்கு ஒரு கருவி. மணிக்கு 60 சென் கேட்ட பிறகு எங்கள் கடைக்காரர்கள் காரைக் கோயில் பின்புறத் திடலுக்கு நகர்த்தினார்கள். அந்த அளவில் கட்டணம் தன் வேலையைச் செய்தது.

ஆரம்பத்தில் வசூலித்தது ஓர் அக்கா. இடுப்பில் பை, கையில் சீட்டுக் கட்டு, தலையில் அகலத் தொப்பி. வந்த நேரத்தை எழுதி வைப்பரில் செருகுவார், கிளம்பும்போது ஓடிவந்து காசு வாங்குவார். யார் கிளினிக்குக்கு வந்தவர், யார் பரோட்டாக் கடையில் அரட்டை அடிக்க வந்தவர் என்பது அவருக்குத் தெரியும். முன்னவருக்கு ஐந்து நிமிடம் கண்டுகொள்ளமாட்டார், பின்னவரிடம் ஒரு காசு விடமாட்டார். அந்தக் காசு முழுவதும் மன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ரொக்கம் புழங்கும் இடத்தில் ஒழுக்கு இருக்கும். பிறகு சுரண்டும் கூப்பன் வந்தது. மாதம், தேதி, மணி என்று ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்டிக் கண்ணாடிக்குள் தெரிய வைக்க வேண்டும். தேதியைத் தப்பாகச் சுரண்டிவிட்டுப் பேனாவால் திருத்தி எழுதியவர்களும் உண்டு. அடியேனும் ஒருவன். ஆனால் கூப்பன் மளிகைக்கடையில் கிடைத்தது, அதற்கு மின்னூட்டம் தேவைப்படவில்லை.

இப்போது செயலி. போன மாதம் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். ஒரு மணி நேரத்துக்குக் கட்டினேன். திரும்பி வந்தால் கண்ணாடியில் அபராதச் சீட்டு. செயலியில் ஊராட்சி மன்றங்களின் நீண்ட பட்டியல் இருக்கிறது. அதற்கு முந்தைய வாரம் பக்கத்து ஊரில் நிறுத்தியபோது தேர்ந்தெடுத்த மன்றம் அப்படியே நின்றிருக்கிறது. என் காசு பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. கவனிக்காதது என் தவறு, மறுக்கவில்லை. ஆனால் கார் எண் சரி, நேரம் சரி, காசும் கட்டியாகிவிட்டது. இதைச் சொல்லி அபராதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாமென்று மன்றத்து முகப்பிடத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண், "கார் நிறுத்த விவகாரமெல்லாம் இப்போது நிறுவனத்திடம், ஐயா" என்றார். நிறுவனத்தின் எண்ணுக்கு அழைத்தேன். பதினைந்து நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒருவர் பேசினார்: "நாங்கள் வசூல் மட்டும்தான். மேல்முறையீட்டை மன்றம்தான் முடிவுசெய்யும்."

அந்த இடத்தில் எனக்கு அப்பா நினைவுதான் வந்தது.

அப்பா பால் வெட்டிய தோட்டத்தில் ஒரு காலகட்டத்தில் ஆட்களை நிர்வாகம் நேரடியாக எடுப்பதை நிறுத்தியது. களை எடுப்பு, மருந்தடிப்பு, பிறகு குலை வெட்டு என்று ஒவ்வொன்றாகக் குத்தகையாளர் கைக்குப் போனது. சம்பளத்தில் இரண்டு நாள் விட்டுப்போயிருந்தால் ஆபீஸ் கிராணி, "உன் குத்தகையாளரைக் கேள்" என்பார். குத்தகையாளர், "தோட்டம் எனக்குக் கொடுத்தால்தானே நான் உனக்குக் கொடுக்க?" என்பார். வேலை அதே வேலை, மரம் அதே மரம், கேட்பதற்கு மட்டும் ஆள் இல்லாமல் போனது. நேரடித் தொழிலாளியாக இருந்தால் வீடு, சேமநிதி, மருந்தகம் என்று நிர்வாகத்தின் தலையில் பொறுப்பு ஏறும். நடுவில் ஒருவரை வைத்தால் அது ஏறாது. நாடு முழுக்கத் தோட்டங்களில் நடந்த கதைதான் இது. எங்கள் தலைமுறைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. குத்தகை என்ற சொல்லைக் கேட்டதுமே எங்கள் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் இருக்கிறது.

அதற்காகக் குத்தகையே கூடாது என்பேனா? செயலி எழுதுவதும் கேமரா பொருத்துவதும் ஊராட்சி மன்றத்துக்குக் கைவந்த கலை அல்ல. கோடு போட, இயந்திரம் பராமரிக்க, கணக்கெடுக்க வெளியாளை வைக்கலாம். அவர்களுக்கு எப்படிக் கூலி கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகை கொடுத்தால் அவர் வேலைக்காரர். வசூலில் பங்கு கொடுத்தால் கூட்டாளி. அபராதத்திலும் பங்கு கொடுத்துவிட்டாலோ, என் தவறு அவருக்கு வருமானம். பட்டியலில் பக்கத்து ஊர் தானாகவே தேர்வாகி நிற்பதைத் திருத்த அப்படிப்பட்டவருக்கு என்ன அவசரம்?

சிக்காகோவில் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். 2008ஆம் ஆண்டு டிசம்பரில் அந்த மாநகர மன்றம் தன் 36,000 கார் நிறுத்த மீட்டர்களை 75 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. 115 கோடி டாலர் ஒரே தடவையில் கைக்கு வந்தது. மன்றத்தின் முன் வைத்துச் சில நாள்களுக்குள்ளேயே ஒப்புதல் வாங்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டு நகரத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் கணக்குப் பார்த்தது: அடிமாட்டு விலை, ஏறக்குறைய 97 கோடி டாலர் குறைவு. வந்த பணத்தில் பெரும்பகுதி சில ஆண்டுகளிலேயே வரவுசெலவுப் பள்ளத்தை நிரப்பக் கரைந்துவிட்டது. இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. தெருத் திருவிழாவுக்கோ சாலை பழுதுபார்ப்பதற்கோ நகரம் தன் சொந்தத் தெருவை மூடினால் நிறுவனத்துக்கு இழப்பீடு கட்ட வேண்டும். நினைத்துப் பாருங்கள், எங்கள் ஊரில் தைப்பூச ரதம் வருகிற தெருவுக்கு மன்றம் யாருக்கோ வாடகை கட்டுவதை.

நம் மலேசியாவில் இன்னும் அவ்வளவு தூரம் போகவில்லை. 2025இல் சிலாங்கூரில் ஷா ஆலம், சுபாங் ஜெயா, செலாயாங் பகுதிகளில் கார் நிறுத்த நிர்வாகத்தைத் தனியாரிடம் ஒப்படைத்தபோது பெரிய விவாதமே நடந்தது. வசூலில் நிறுவனத்துக்கு 50 விழுக்காடு, ஊராட்சி மன்றத்துக்கு 40, மாநில அரசின் துணை நிறுவனத்துக்கு 10 என்ற பங்கீடு வெளியே தெரிந்தது. அந்தப் பங்கீடு சரியா தவறா என்பது வேறு பேச்சு. எண் வெளியே வந்ததால் சட்டமன்ற உறுப்பினர் முதல் காப்பிக்கடை வரை எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்க முடிந்தது. எங்கள் ஊரில் அந்த எண்ணே இல்லை. ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, பங்கு எவ்வளவு என்று இரண்டு முறை வாய்மொழியாகக் கேட்டேன். இரண்டு முறையும் புன்னகைதான் பதில்.

இதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 1965இல் நிறுத்தி வைக்கப்பட்ட ஊராட்சி மன்றத் தேர்தல் இன்றுவரை திரும்பவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் அந்தக் கதவைச் சாத்தியேவிட்டது. தலைவரைத் தவிர 8 முதல் 24 உறுப்பினர்கள், அத்தனை பேரும் மாநில அரசின் நியமனம். எங்கள் வட்டார உறுப்பினர் நல்ல மனிதர், சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வருவார். ஆனால் அடுத்த தவணையும் பதவி கிடைக்குமா என்பதை நான் முடிவு செய்வதில்லை, அவர் கட்சி முடிவு செய்கிறது. கேள்வி கேட்டால் புன்னகை வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதே சட்டத்தில் நமக்குச் சாதகமாகவும் ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. மூடிய கூட்டம் என்று மன்றமே தீர்மானித்தால் ஒழிய, மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தவை. பினாங்கிலும் சிலாங்கூரிலும் தகவல் உரிமைக்கென்று தனிச் சட்டங்களே 2010, 2011ஆம் ஆண்டுகளில் நிறைவேறின. நாம் போய் உட்காருவதில்லை, அவ்வளவுதான்.

போகிற போக்கில் இன்னொன்று. பல மன்றங்கள் அவ்வப்போது அபராதக் கழிவு அறிவிக்கின்றன: "பழைய அபராதம் எதுவானாலும் பத்து ரிங்கிட்." உடனே ஓடிப்போய் முப்பது கட்டிய என்னைப் போன்ற முட்டாளுக்கு அதில் பங்கில்லை. மூன்று ஆண்டு குப்பையில் போட்டவருக்குப் பரிசு. இப்படிப் பழக்கிவிட்டு, மக்கள் கட்டணம் கட்டுவதில்லை, ஆகவே தனியாரிடம் விடுகிறோம் என்றால் சிரிப்பதா அழுவதா?

நான் கேட்பது அதிகமில்லை. இயந்திரமும் செயலியும் நிறுவனத்திடம் இருக்கட்டும். கட்டண விகிதம், அபராதம், மேல்முறையீடு மூன்றும் மன்றத்தின் கையிலேயே, பெயர் எழுதிய மேசையில் உட்கார்ந்திருக்கும் ஓர் அதிகாரியிடம் இருக்க வேண்டும். ஒப்பந்தம் மன்றத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். கூப்பனோ ரொக்கமோ, கைப்பேசி இல்லாதவருக்கு ஒரு வழி திரும்ப வர வேண்டும். பூக்கடைத் தம்பி கடையடைத்து ஊருக்குப் போனால் அன்றைக்குப் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? வசூலில் ஒரு பங்கு அந்தத் தெருவுக்கே திரும்ப வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கலிபோர்னியாவின் பாசடீனாவில் 1993இல் பழைய கடைத்தெருவில் மீட்டர் வைத்தபோது, அந்தப் பணம் அதே தெருவின் நடைபாதைக்கும் விளக்குக்கும் துப்புரவுக்கும்தான் என்று சொல்லி வைத்தார்கள். அதனால்தான் கடைக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். எங்கள் சந்தைக்குப் பின்னாலுள்ள கழிப்பறைக்குக் கதவு இல்லை. 60 சென்னில் பத்து சென் அந்தக் கதவுக்குப் போகிறதென்று தெரிந்தால் நான் முணுமுணுக்காமல் கட்டுவேன்.

மன்றத்தின் அடுத்த முழுக் கூட்டத்துக்குப் பார்வையாளராகப் போக அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்து, முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். ஊர்க்காரர்கள் யாராவது வருவதாக இருந்தால் கீழே சொல்லுங்கள். மன்றத்து வாசலிலும் கட்டணம்தான், ஆகவே ஒரே காரில் போவோம். சாகா போதும், ஐந்து பேர் உட்காரலாம்.