ஜூலை 31 போஸ்டரில் யார் முகம் பெரிது?

ஜூலை மாதக் கடைசியில் நம் மலேசிய வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வகைப் போஸ்டர் சுற்ற ஆரம்பிக்கும். இடது பக்கம் ஓர் ஒய்.பி., அதாவது தொகுதியின் மக்கள் பிரதிநிதி, கைகட்டி நிற்பார். கோட்டு, பல் தெரியாத சிரிப்பு. வலது மூலையில் அந்தி வானம், அதன்முன் துப்பாக்கியோடு ஒரு கறுப்பு நிழல். மேலே ‘செலாமாட் ஹாரி பஹ்லாவான்’, அதாவது வீரர் தின வாழ்த்து. போன வருடம் வந்த ஒன்றை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த நிழல் நம் ராணுவமே இல்லை. தலைக்கவசம், அதில் மாட்டிய இரவுக் கண்ணாடி எல்லாம் பார்த்தால் இணையத்தில் சும்மா கிடைக்கும் அமெரிக்கச் சிப்பாய். ஒய்.பி. முகம் மட்டும் அசல்.

சரி, கிண்டல் போதும். போரில் செத்தவருக்கு மரியாதை செய்ய வரும் தலைவர் அன்று ஒரு நாளாவது சின்ன ஆளாக நிற்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது என் வாதம். செத்தவர் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால், முடிந்தால் தன் பெயரே வேண்டாம். கேட்க எளிதாக இருக்கிறது. பெரிய பெரிய ஆட்களுக்கே இது வரவில்லை.

ஜூலை 31 ஏன் என்று பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள்: கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக 1948இல் தொடங்கிய அவசரகாலம் 1960இல் அந்த நாளில்தான் முடிந்ததாக அறிவித்தார்கள். அதே ஆண்டு நம் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அமெரிக்கா போனபோது ஆர்லிங்டனில் மரைன் வீரர்களுக்கு வைத்த சிலையைப் பார்த்தார். அதைச் செய்த ஃபெலிக்ஸ் டி வெல்டனே கோலாலம்பூரில் இருக்கும் நம் தேசிய நினைவுச்சின்னமான துகு நெகாராவையும் வடித்தார். 1966 பிப்ரவரியில் திறப்பு. ஏழு வெண்கல உருவங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பண்பு: தலைமை, துன்பம், ஒற்றுமை என்று போகும். முகமெல்லாம் வெள்ளைக்காரச் சாயலாக இருக்கிறதே என்ற முணுமுணுப்பு பழையது. 1975இல் குண்டு வைத்துச் சேதப்படுத்தினார்கள், 1977இல் சரிசெய்து மறுபடி திறந்தார்கள். அப்புறம் மனித உருவச் சிலைக்கு முன்னால் சடங்கு செய்வது மார்க்கத்துக்குப் பொருந்துமா என்ற கேள்வி எழுந்து, விழா வேறு இடத்துக்குப் போனது. இடம் எதுவானாலும் எனக்கு ஒன்றுதான். அங்கே என்ன செய்கிறோம் என்பதில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டு வரிசையில் ஒரு பெரியம்மா இருந்தார். கணவர் ராணுவத்தில் இருந்தவர். எழுபதுகளில் தாய்லாந்து எல்லைக் காட்டில் ‘ஜெரங்காப் சாமார்’ என்கிற மறைகண்ணியில் மிதித்துப் போய்ச் சேர்ந்தார். பல வருடம் கழித்து ஒரு விழாவுக்குப் பெரியம்மாவை அழைத்தார்கள். நான்தான் கூட்டிப் போனேன். பிரமுகர்களுக்குப் பந்தலில் மெத்தை நாற்காலி, குடும்பங்களுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி, அதுவும் பாதி வெயிலில். பிரமுகர் ஒரு மணி நேரம் தாமதம். வந்ததும் பேசினார், பேசினார், தன் துறை கட்டிய பாலம் வரை பேசினார். பிறகு ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டார்கள். நம் பெயர்களின் நடுவே ‘இன்னாரின் மகன்’ என்று காட்ட வரும் அந்த ‘ஏ/எல்’ இருக்கிறதே, அதில் அறிவிப்பாளர் தடுக்கி விழுந்தார். முதல் பாதியை விட்டுவிட்டு அப்பா பெயரை மட்டும் வாசித்தார். அதாவது நாட்டுக்காக உயிர் விட்டவர் பெரியம்மாவின் மாமனார் என்று ஆகிவிட்டது.

பெரியம்மா எழுந்து போய், உறையையும் ஹேம்பர் என்கிற பரிசுக் கூடையையும் வாங்கிக்கொண்டு, பிரமுகரோடு படமும் எடுத்துக்கொண்டு வந்தார். காரில் ஏறியதும் சொன்னார்: “எங்க மாமனாரு கித்தாத் தோட்டத்துல ரப்பர் மரம் சீவி, எண்பது வயசு வரைக்கும் கள்ளு குடிச்சிட்டு நிம்மதியா செத்தாரு தம்பி. இன்னைக்கு அவரையும் சண்டைக்கு அனுப்பிட்டானுங்க.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் ஸ்டீரிங்கைப் பிடித்த கை நடுங்கியது.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. 2009இல் பிரிட்டிஷ் பிரதமர் கோர்டன் பிரவுன், ஆப்கானிஸ்தானில் மாண்ட ஓர் இளம் சிப்பாயின் தாய்க்குத் தன் கையாலேயே இரங்கல் கடிதம் எழுதினார். குடும்பப் பெயரைத் தப்பாக எழுதிவிட்டார். அந்தத் தாய் கொதித்தார், பத்திரிகைகள் கிழித்தன. பிரவுன் தொலைபேசியில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார், அந்த உரையாடலும் பத்திரிகைக்குப் போனது. தாய்க்குக் கோபப்பட எல்லா உரிமையும் உண்டு. ஆனால் என்னால் பிரவுனை முழுதாகத் திட்ட முடியவில்லை. ஒரு கண் பார்வையே இல்லாத மனுஷர், மறு கண்ணும் பலவீனம், தடித்த பேனாவால் தானே உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அதிகாரி தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு முத்திரை குத்தி அனுப்பும் பிழையில்லாத கடிதத்தைவிட அது எவ்வளவோ மேல். பக்கத்தில் இருந்தவர் ஒருவர் உறை ஒட்டும் முன் ஒரு முறை சரிபார்த்திருக்கலாம், அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வருவது இன்னொரு வகை மறதியில். ஈராக்கில் பாஸ்ரா நினைவுச்சின்னம் என்று ஒன்று இருக்கிறது. முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் செத்தவர்களுக்காகக் கட்டியது. அதில் வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் இருக்கிறது. இந்தியர்களில் அதிகாரிகளுக்குத்தான் பெயர். சாதாரண இந்தியச் சிப்பாய்களைப் படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கையாக எழுதிவிட்டார்கள். பல்லாயிரம் பேர். ஆனால் போர்க் கல்லறைகளைப் பராமரிக்க 1917இல் பிரிட்டிஷார் ஓர் ஆணையம் அமைத்தபோது அவர்கள் வகுத்த கொள்கையே, பதவி, இனம், மதம் எதுவும் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே மரியாதை என்பதுதான். தைப்பிங் போர்க் கல்லறைக்குப் போய்ப் பாருங்கள், பினாங்கிலிருந்து ஒன்றும் தூரமில்லை. ஒரே உயரக் கற்கள், வரிசை வரிசையாக, புல் வெட்டிச் சுத்தமாக. அங்கே நின்றால் அந்தக் கொள்கையை நம்பத்தான் தோன்றும். அதே ஆணையம் 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் உலகப் போரில் மாண்ட குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் ஆப்பிரிக்காவையும் மத்திய கிழக்கையும் சேர்ந்தவர்கள், பெயரிட்டோ, சில இடங்களில் எந்த வகையிலுமோ நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சரும் நாடாளுமன்றத்தில் எழுந்து வருத்தம் தெரிவித்தார். நூறு வருடம் தாமதம். ஆனாலும் கேட்டார்கள்.

பெயர் எழுதும் விஷயத்தில் நம் ஆட்கள் யாருக்கும் பாடம் எடுக்கலாம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் சில நடுகற்கள் கிடைத்தன. தமிழ்ப் பிராமி எழுத்து, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழையவை. ஒன்றில் இருப்பது ஒரே வாக்கியம். கூடலூரில் ஆநிரை கவரும் சண்டையில் மாண்ட பேடு என்னும் ஊர்த் தீயன் அந்தவனுக்கு வைத்த கல், அவ்வளவுதான் செய்தி. ஆள் யார், எந்த ஊர், எந்தச் சண்டை, எல்லாம் வந்துவிட்டது. எந்த அரசன் காலம், கல் நட்டது யார், ஒன்றும் இல்லை. செங்கம் பக்கம் கிடைத்த பிற்காலக் கற்களைப் பாருங்கள், முதலில் அரசன் பெயரும் அவன் ஆட்சியாண்டும் வரும், வீரன் அதற்கப்புறம்தான். போஸ்டர் வியாதி அப்போதே நமக்குத் தொற்றிவிட்டது போலிருக்கிறது.

தலைவர் பேசவே கூடாதா என்று கேட்பீர்கள். பேசலாம், லிங்கன் மாதிரி. 1863 நவம்பர் 19, கெட்டிஸ்பர்க் கல்லறைத் திறப்பு. அவருக்கு முன்னால் எட்வர்ட் எவரெட் என்கிற பெரிய பேச்சாளர் இரண்டு மணி நேரம் முழங்கினார். லிங்கன் எழுந்து சுமார் இரண்டு நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டார். இந்த மண்ணைப் புனிதப்படுத்த நம்மால் ஆகாது, இங்கே போராடியவர்கள் அதை எப்போதோ செய்துவிட்டார்கள் என்பதுதான் சாரம். தன் ஆட்சி, தன் சாதனை ஒன்றும் இல்லை. எவரெட் பேசியது இன்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

பேச்சைவிட முக்கியம் உண்மை. ரஷ்யாவில் 2015இல் ஓர் ஆணை போட்டு, போர் அறிவிக்காத காலத்துச் சிறப்பு நடவடிக்கைகளில் சாகும் சிப்பாய்களின் கணக்கை அரசு ரகசியம் ஆக்கினார்கள். அமெரிக்காவும் யோக்கியம் இல்லை. 1991 முதல் 2009 வரை, டோவர் விமானத் தளத்தில் வந்திறங்கும் சவப்பெட்டிகளைப் படமெடுக்கப் பத்திரிகைகளுக்குத் தடை. குடும்பத்தின் அந்தரங்கத்துக்காக என்றார்கள். குடும்பங்களைக் கேட்டு முடிவு செய்யலாம் என்பது மட்டும் 2009 வரைக்கும் தோன்றவில்லை. சவப்பெட்டியை ஒளிக்கிற தலைவர், மக்கள் எண்ணிப் பார்த்துவிடுவார்களோ என்று பயப்படுகிறார். உக்ரைனில் 2022 மார்ச்சிலிருந்து தினமும் காலை ஒன்பது மணிக்கு நாடு முழுக்க ஒரு நிமிட மௌனம். அங்கேயும் அரசியல் இல்லாமல் இல்லை, ஆனாலும் தினமும் என்பது சும்மா இல்லை.

கார்கில் போரில் வாஜ்பாய் அரசு செய்த ஒரு காரியத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அதுவரை பெரும்பாலும் எல்லையிலேயே எரித்துவிட்டு, வீட்டுக்கு உடைமைகளை அனுப்புவது வழக்கம். 1999இல் உடலையே சொந்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். திருச்சிக்காரர் மேஜர் சரவணன் மே மாதக் கடைசியில் பட்டாலிக் முனையில் மாண்டார். ஒரு மாதத்துக்கு மேல் உடலை மீட்க முடியவில்லை, அத்தனை கடுமையான சண்டை. மீட்டதும் திருச்சிக்கு வந்தது, ஊரே திரண்டது. போர் என்றால் என்ன என்று மலைக்கு அப்பால் இருந்த ஊர்களுக்கெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. இதிலும் ஓட்டுக் கணக்கு இருந்திருக்கலாம். இருக்கட்டும், அம்மாவுக்கு மகன் முகம் கிடைத்ததே.

சில சமயம் தலைவர்களுக்கு முன்னால் ஜனங்களே செய்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் வூட்டன் பாசெட் என்று ஒரு சின்ன டவுன். 2007இலிருந்து 2011வரை போரில் மாண்ட சிப்பாய்களின் சவப்பெட்டிகள் அந்தக் கடைத்தெரு வழியாகப் போயின. யாரும் உத்தரவு போடவில்லை. கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள், தேவாலய மணி அடித்தது, வண்டி போனதும் திரும்பிப் போய் வியாபாரத்தைப் பார்த்தார்கள். பிறகுதான் அரசி அந்த ஊர்ப் பெயருக்கு முன்னால் ‘ராயல்’ சேர்த்தார்.

நம் வீட்டுக்கு வருவோம். 1993 அக்டோபரில் சோமாலியாவின் மொகடிஷுவில் சிக்கிக்கொண்ட அமெரிக்க வீரர்களை மீட்கப் போனவை நம் கொண்டோர் கவச வண்டிகள். ஹாலிவுட் அதைப் படமாக எடுத்து நம் பங்கை ஓரங்கட்டியது. காப்பிக் கடையில் இன்றும் அதற்குத் திட்டுவார்கள், நியாயம்தான். அடுத்த முறை திட்டுகிறவரிடம், அன்று செத்த மலேசிய வீரரின் பெயரைக் கேளுங்கள். மாட் அஸ்னான் அவாங். இறந்த பிறகு நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான செரி பஹ்லாவான் காகா பெர்காசா கொடுத்தார்கள். 2013இல் சபாவின் லஹாட் டத்துவில் ஆயுதக் கும்பல் நடத்திய ஊடுருவலில் பாதுகாப்புப் படையினர் பத்துப் பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் போலீஸ்காரர்கள். இரண்டு மாதத்தில் பொதுத் தேர்தல். மேடைகளில் லஹாட் டத்து என்ற ஊர்ப் பெயர் எத்தனையோ முறை அடிபட்டது, பத்துப் பெயர்கள் அடிபடவில்லை.

கடைசியாக, எந்த நாட்டுத் தலைவரும் சரியாகச் சொந்தம் கொண்டாடாத ஒரு கூட்டம் நமக்குள்ளேயே இருக்கிறது. நேதாஜியின் படையில் சேர்ந்த மலாயாத் தமிழர்கள். தோட்டத்துப் பையன்கள், ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தோட்டத்துப் பெண்கள். மாண்ட தன் வீரர்களுக்காக நேதாஜி 1945 ஜூலை 8 அன்று சிங்கப்பூர்க் கடற்கரையில் ஒரு நினைவுச்சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். தோற்றுக்கொண்டிருந்த நேரம் அது, பர்மாவே கைவிட்டுப் போயிருந்தது. அந்த நேரத்திலும் அதைச் செய்தார் பாருங்கள். இரண்டு மாதத்தில் திரும்பி வந்த பிரிட்டிஷார் மவுண்ட்பேட்டன் உத்தரவில் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்து, 1995இல், சிங்கப்பூர் அரசு அதே இடத்தில் ஒரு குறிப்புக்கல் வைத்தது. செத்தவன் எதிரியாகவே இருக்கட்டும், அவன் நினைவுக் கல்லை உடைக்கிறவனைத் தலைவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் விடுதலைப் புலிகளின் கல்லறையான கோப்பாய் துயிலும் இல்லத்தை இடித்து, அந்த இடத்தில் ராணுவ முகாம் அமைத்தவர்களுக்கும் இதே பேச்சுத்தான்.

மலாயாவிலிருந்து போனவர்கள் இந்தியாவுக்கு வெளியூர்க்காரர்கள். மலேசியாவுக்கு அது வேறு நாட்டுப் போராட்டம். இரண்டு பக்கத்திலும் விழா மேடையில் நேதாஜி படம் மட்டும் இருக்கும், மாலையோடு. இம்பால் பக்கம் பசியிலும் மலேரியாவிலும் செத்த கெடா, பேராக் தோட்டத்துக்காரர்கள் யார் மேடையிலும் இல்லை.

அதனால் ஒரு வேலை. உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ நேதாஜி படையிலோ, ராணுவத்திலோ, போலீஸிலோ இருந்து சண்டையில் இறந்திருந்தால், பெயர், ஊர், எங்கே, எப்போது என்று கீழே எழுதுங்கள். பழைய படம், சேவைப் புத்தகம், கடிதம் இருந்தால் போனிலேயே படமெடுத்துப் போடுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து ஜூலைக்குள் நம் பகுதி ஒய்.பி. அலுவலகத்தில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன், போஸ்டருக்கு அதைப் போடச் சொல்லி. ஒன்று மட்டும்: சொந்தப் பெயரையும் அப்பா பெயரையும் தனித்தனி வரியில் எழுதுங்கள்.