சாப்பாடு போதும், சம்பளம் கொடுங்கள்

பிறந்தநாளுக்கும் ஆண்டுத்திவசத்துக்கும் மாற்றுத்திறனாளிகள் இல்லங்களுக்குச் சாப்பாடு கொடுப்பது எங்கள் யாழ்ப்பாணத்தில் இப்போது பெரிய வழமையாகிவிட்டது. கனடாவிலிருந்து காசு வரும். இங்கே ஒரு மச்சான் சமையல்காரரிடம் சொல்லி, சோறு கறி பாயாசம் எல்லாம் இறக்கி, வரிசையில் இருக்கிறவர்களோடு நின்று படமெடுத்து அனுப்புவார். அதைக் குறை சொல்ல வரவில்லை, சோறு போடுவதில் என்ன பிழை? ஆனால் அந்த வரிசையில் சக்கர நாற்காலியில் இருக்கிற முப்பத்தைந்து வயதுக்காரரிடம், இன்றைக்கு என்ன சாப்பிட விருப்பம், எத்தனை மணிக்குப் படுக்க விருப்பம் என்று யாராவது கேட்டிருப்பார்களா?

என் பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணர் முறை, போரின் கடைசிக் காலத்தில் முள்ளந்தண்டில் காயப்பட்டவர். நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை. மூளைக்கும் வாய்க்கும் ஒரு குறையுமில்லை. கணினியில் கணக்கு வேலை செய்து கொஞ்சம் உழைக்கிறார், அரசியல் பேசத் தொடங்கினால் நிறுத்தவே மாட்டார். இரவில் அவரைப் புரட்டிப் படுக்கவைப்பது பெரியம்மாதான். புரட்டாவிட்டால் படுக்கைப்புண் வரும், புண் எலும்புவரை போனால் உயிருக்கே ஆபத்து. பெரியம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்காலும் ஏலாது. "எனக்குப் பிறகு இவனை ஆர் பார்க்கிறது?" என்று அவர் கேட்டால், கடவுள் பார்ப்பார் என்று சொல்லிவிட்டு நாங்கள் எழும்பிவிடுகிறோம்.

சரி, கடவுளை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். அண்ணரைப் போன்ற ஒருவருக்கு நாள் முழுக்க ஆள் பக்கத்தில் குந்தியிருக்கத் தேவையில்லை. காலையில் மலம் கழிக்க, குளிக்க, உடுக்க, கதிரையில் ஏற ஒன்றரை இரண்டு மணித்தியாலம். மாலையில் திரும்பக் கட்டிலுக்கு. இரவில் சில தடவை புரட்ட வேண்டும், அதற்காக ஒருவர் விடியும்வரை வீட்டில் இருந்தே ஆக வேண்டும். அந்தச் சம்பளத்தை ஒரு குடும்பம் தனியே தாங்காது. அரசாங்கம் தருகிற மாதக் கொடுப்பனவு ஒரு கிழமைக் கூலிக்கே காணாது. ஆனால் நாலு பேர் ஒரே வளவில் இருந்தால் அந்த ஒரு இரவுக்காரர் நாலு பேருக்கும் போதும். கூட்டு வீடு வேண்டும் என்று நான் கேட்பது இதற்காகத்தான்.

சுவீடனில் இதை அறுபதுகளிலேயே செய்து பார்த்துவிட்டார்கள். தானும் சக்கர நாற்காலியில் இருந்த பேராசிரியர் ஸ்வென்-ஓலோஃப் பிராட்கோர்ட் 1964இல் தொடங்கிய ஃபோகுஸ் என்ற அமைப்பு, சாதாரண மாடிக் குடியிருப்புகளுக்குள்ளேயே சில வீடுகளை எடுத்து வசதிப்படுத்தி, உதவியாளர்களை அதே கட்டடத்தில் இரவு பகலாக வைத்தது. ஒவ்வொருவருக்கும் தனி வீடு, தனிக் குசினி. கூப்பிட்டால் ஆள் வரும், கூப்பிடாவிட்டால் வராது. எனக்கு இதில் மிகப் பிடித்தது அந்தக் கடைசி விசயம்தான்.

இங்கிலாந்தில் நடந்தது வேறு. விமானப்படையில் இருந்த லெனார்ட் செஷையர் 1948இல் ஹாம்ப்ஷையரில் லே கோர்ட் என்ற பெரிய வீட்டில் இல்லம் தொடங்கினார். இலங்கையிலும் அவர் பெயரில் இல்லங்கள் உண்டு. நல்ல மனிதர்தான், ஆனால் அங்கே வசித்தவர்களே பிறகு நிர்வாகத்தோடு மோத வேண்டி வந்தது. லே கோர்ட்டில் பல வருடம் இருந்த போல் ஹண்ட் 1972இல் கார்டியன் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்திலிருந்து ஒரு உரிமை அமைப்பே பிறந்தது. அதே இல்லத்தில் இருந்த இன்னும் சிலர், தங்களை அங்கே வைத்திருக்கச் செலவாகிற காசைத் தங்கள் கையில் தந்தால் வெளியே வீடெடுத்து ஆளும் பிடித்துக்கொள்வோம் என்று அதிகாரிகளோடு பேசிப் பேசி, எண்பதுகளின் தொடக்கத்தில் வெளியேறிக் காட்டினார்கள். நாங்கள் இப்போதுதான் தொடங்கப்போகிறோம் என்றால், அவர்கள் விட்டு வெளியேறியதையே ஏன் திரும்பக் கட்ட வேண்டும்?

ஆகவே ஊருக்கு வெளியே பற்றைக்காட்டைத் துப்பரவாக்கி, மதில் கட்டி, பெயர்ப்பலகையில் கொடையாளியின் அப்பா படம் போட்ட இல்லம் வேண்டாம். சந்தைக்கும் கோயிலுக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் ஓட்டோவில் போகக்கூடிய தூரத்தில் ஒரு சாதாரண வீடு போதும். யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கா பஞ்சம்? நல்லூரிலும் கோண்டாவிலிலும் எத்தனை வீடுகள் ரைல்ஸ் பதித்து, கேற் பூட்டி, திருவிழாக் காலத்தில் மட்டும் லைற் எரியக் கிடக்கின்றன!

அப்படியே குடிபோக முடியாதுதான். எங்கள் வீடுகள் உயர்ந்த அத்திவாரத்தில் நிற்பவை. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் சக்கர நாற்காலி ஏறுகிற சாய்தளத்துக்குப் பொதுவான அளவு. இரண்டடி விறாந்தைக்கு இருபத்துநாலு அடி வேண்டும். இங்கே சில கட்டடங்களில் படத்துக்குக் கட்டிய சாய்தளங்களில் ஏற முயன்றால் பின்பக்கமாக விழ வேண்டியதுதான். குளியலறைக் கதவு பல வீடுகளில் இரண்டடி, அதற்குள் சக்கர நாற்காலி நுழையாது. நாற்காலி உள்ளே திரும்ப ஐந்தடி இடமும் வேண்டும். ஒரு நல்ல மேசன் ஒரு மாதத்தில் செய்து முடிக்கிற வேலை இது.

கடினம் வேறு இடத்தில் இருக்கிறது. யார் வீட்டுக் குசினியில் யார் சமைப்பது என்ற கதை இந்த ஊரில் இன்னும் முடியவில்லை. தெரியாத மாதிரி நடிக்க வேண்டாம். ஒரு பெண் தன் விருப்பத்துக்கு அங்கே குடிபோனால் அயல் என்ன பேசும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். தாய் தகப்பன் பிள்ளையைத் தள்ளிவிட்டார்கள் என்றும் சொல்வார்கள். சொல்லட்டும். இரவு இரண்டு மணிக்கு எழும்பிப் புரட்ட அவர்களில் ஒருவரும் வரப்போவதில்லை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஐநா சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றது. எங்கே, யாரோடு வாழ்வது என்று தெரிவு செய்கிற உரிமையை அதன் 19ஆம் உறுப்புரை பேசுகிறது. கடதாசியில் குறையில்லை.

வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பதிலாக, ஒரு இரவு உதவியாளரின் மாதச் சம்பளத்தை நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து எடுங்கள். அதில் படம் எடுக்க ஒன்றும் இருக்காது, அதற்குப் பழகிக்கொள்ள வேண்டும். வாடகை ஒப்பந்தம் அங்கே இருக்கப்போகிறவர்களின் பெயரில் இருக்கட்டும். உதவியாளரைப் பிடிப்பதும் நிற்பாட்டுவதும் அவர்களே. வீட்டுத் திறப்பும் அவர்களிடமே.

பூட்டிய வீடு வைத்திருக்கிறவர்கள் விறாந்தையின் உயரத்தையும் குளியலறைக் கதவின் அகலத்தையும் யாரையாவது அளக்கச் சொல்லிக் கீழே எழுதுங்கள். படி எண்ணிக்கை வேண்டாம், அங்குலத்தில் வேண்டும்.