அவர் விசிட்டர் இல்லை

அந்த வீடியோவைப் பற்றிப் போன வாரம் நான் எழுதியது நாலே வரி. அதற்கு இத்தனை பேச்சு வரும் என்று நினைக்கவில்லை. நைட் டியூட்டி முடித்து, புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ் ஏறியதும் இதை எழுத ஆரம்பித்தேன். கன்னியக்கோவில் தாண்டியும் கோபம் அடங்கவில்லை, அதனால் நீளமாகத்தான் வரும்.

வீடியோவில் என்ன நடந்தது என்று மறுபடி சொல்லத் தேவையில்லை, எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். பச்சிளம் குழந்தைகள் வார்டு வாசலில் நின்ற அந்த மனிதரின் கையில் ஒரு ஒயர் கூடை. "சிஸ்டர், ஒரு தரம் பார்த்துட்டுப் போயிடறேன்" என்றுதான் கேட்டார். கத்தவில்லை, கதவைத் தள்ளவும் இல்லை. "விசிட்டிங் டைம் முடிஞ்சுது. அட்டெண்டர் எல்லாம் வெளியே நில்லுங்க" என்று அந்த சிஸ்டரிடமிருந்து பதில் வந்தது. நோயாளிக்குத் துணைக்கு வந்தவர்களைத்தான் அட்டெண்டர் என்போம். நான் எழுதியது இதுதான்: அவர் விசிட்டர் இல்லை, அந்தக் குழந்தையின் அப்பா.

இதற்கு இரண்டு பக்கமும் அடி. எனக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்த அக்கா ஒருவர், "நம்ம புள்ளையையே காட்டிக்கொடுக்கறியே" என்று எழுதியிருக்கிறார். இன்னொரு பக்கம், "நர்ஸுங்கன்னாலே இரக்கம் இல்லாத ஜென்மங்க" என்று முன்பின் தெரியாதவர்கள் என் பதிவின் கீழேயே வந்து திட்டிவிட்டுப் போகிறார்கள். பதினைந்து வருஷம் இந்த வேலையில் இருக்கிறேன். இரண்டுமே வலிக்கிறது. சரி, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் இன்ஃபெக்‌ஷன். பத்தில் எட்டு கமெண்ட் இதுதான். "குறைமாசக் குழந்தை, வெளி ஆளை விட்டா கிருமி வரும், நீ நர்ஸா இருந்துகிட்டு இது தெரியாதா?" தெரியும். வார்டில் கிருமி பெரும்பாலும் எதன் மூலம் பரவுகிறது என்றும் தெரியும், கை மூலமாகத்தான். அம்மா தொடுவது ஒரே ஒரு குழந்தையை. அப்பாவும் அதே குழந்தையைத்தான். ஒரு ஷிஃப்டில் எல்லாக் குழந்தையையும் தொடுவது நாங்கள். கை கழுவச் சொல்லிக் கொடுத்து, நகம் வெட்டச் சொல்லி, சளி காய்ச்சல் இருந்தால் இன்றைக்கு வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற சனம்தான் நம் சனம்.

இது என் சொந்த அபிப்பிராயம் இல்லை. உலக சுகாதார அமைப்பு நடத்திய ஆய்வு 2021-ல் வெளிவந்தது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா என்று ஐந்து நாடுகள். நம் நாட்டில் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகள். பாதிப் பேரை வழக்கம்போல முதலில் வார்மரில், அதாவது சூடு கொடுக்கும் படுக்கையில் வைத்து, நிலைமை தேறிய பிறகு அம்மாவின் நெஞ்சில் போட்டார்கள். மீதிப் பேரைப் பிறந்த உடனேயே அம்மாவின் நெஞ்சில் போட்டார்கள், அம்மாவால் முடியாத நேரத்தில் வீட்டு ஆள் ஒருவர். 28 நாளுக்குள் இறந்தவர்கள் முதல் முறையில் 15.7 சதவீதம், இரண்டாவதில் 12 சதவீதம். ரத்தத்தில் கிருமி என்று சந்தேகப்பட்டதும் இரண்டாவதில்தான் குறைவு. குறைவு என்பதை இன்னொரு தரம் படியுங்கள். குடும்பம் இரவும் பகலும் உள்ளே இருந்த இடத்தில் குறைவு. வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். 2022-ல் வழிகாட்டுதலும் மாறியது: மூச்சுக்கருவி தேவைப்படும் குழந்தை, ரத்த ஓட்டம் குறைந்து ஷாக்கில் இருக்கும் குழந்தை போன்றவர்கள் தவிர மற்ற குறைமாசக் குழந்தைகளுக்கெல்லாம் இதைப் பிறந்ததுமே தொடங்கச் சொன்னார்கள்.

"அதெல்லாம் வெளிநாட்டுக்கு" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்படிக் குழந்தையை நெஞ்சோடு வைத்துக்கொள்ளும் கங்காரு பராமரிப்பு 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் ஆரம்பித்தது. ஆரம்பித்த மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா. இன்குபேட்டர் போதவில்லை, ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகள் என்ற நிலையில் கண்டுபிடித்த வழி அது. பணக்கார நாட்டு ஆடம்பரம் இல்லை. நம் மத்திய சுகாதார அமைச்சகமே 2017-ல் பச்சிளம் குழந்தைப் பராமரிப்பில் குடும்பத்தைச் சேர்ப்பதற்கென்று தனி வழிகாட்டுதல் போட்டிருக்கிறது. அந்த முறை டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் நடத்திப் பார்த்த முறை.

எனக்கு இது புத்தகத்தைப் பார்த்து வந்த புத்தி இல்லை. 2011 டிசம்பர் 29 ராத்திரி. தானே புயல். கடலூரில் இருந்தவர்களுக்கு அந்த ராத்திரியைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான், ஊரில் ஒரு சின்ன தனியார் மருத்துவமனை. கரண்ட் முன்னாலேயே போய்விட்டது. விடிகாலை ஜெனரேட்டரும் நின்றுவிட்டது, டீசல் இல்லை. வார்மரில் 1 கிலோ 600 கிராமில் ஒரு பெண் குழந்தை. அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி மேல் மாடியில் மயக்கம் தெளியாமல் கிடந்தாள். சாயங்காலமே "ஆயா, இங்க நிக்காதீங்க" என்று நாங்கள் வெளியே அனுப்பிய அந்தக் குழந்தையின் பாட்டி மாடிப்படிக்குக் கீழே நனைந்துபோய் உட்கார்ந்திருந்தார். தேவனாம்பட்டினத்து ஆயா. எங்கள் சீனியர் சிஸ்டர்தான் கூப்பிட்டார். ஈரத்தைத் துடைத்து, வேறு புடவை கட்டி, ரவிக்கையைத் தளர்த்தி, குழந்தையை நெஞ்சோடு நெஞ்சாக வைத்து, பழைய வாயில் புடவையைக் கிழித்து இறுக்கிக் கட்டினோம். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு புறங்கையால் அந்தக் குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது, வயிறு மட்டும் லேசான சூடு. அரைமணி நேரம் கழித்து மறுபடி பார்த்தேன். பாதமும் வயிறும் ஒரே சூடு. வெளியே தகரம் பறக்கிற சத்தம். ஆயா அசையவே இல்லை. "நாலு பெத்தவடி நானு, நீ போய் மத்த புள்ளைங்களப் பாரு" என்றார்.

மறுநாள் எங்கிருந்தோ டீசல் வந்தது. வார்மர் சிவப்பு விளக்கு எரிந்ததும் குழந்தையை அதில் வைத்தோம். ஆயாவை வெளியே அனுப்பினோம். அனுப்பியது நான்தான். "விசிட்டிங் டைம்ல வாங்க ஆயா" என்று இந்த வாயால் சொன்னேன். ராத்திரி முழுக்க அந்தக் குழந்தையை உயிரோடு வைத்திருந்தவர் காலையில் விசிட்டர் ஆகிவிட்டார். அந்த வீடியோவைப் பார்த்ததும் எனக்கு ஏன் அப்படி எரிந்தது என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

அப்புறம் இன்னொன்று. "நம்ம ஊர்ல ஃபேமிலி எப்பவும் வார்டுலதானே கெடக்கறாங்க, புதுசா என்ன சேக்கறது" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஆமாம், கிடக்கிறார்கள். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து, யூரின் பை காலி செய்து, ஸ்ட்ரெச்சர் தள்ளி, ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு லேபுக்கு ஓடி, விடிகாலை வெந்நீருக்கு வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்ததும் முதல் வார்த்தை என்ன? "அட்டெண்டர் எல்லாம் வெளியே போங்க." வேலைக்கு வேண்டும், விவரத்துக்கு வேண்டாம். நோயாளியைப் பற்றி அதிகம் தெரிந்த ஆளை அனுப்பிவிட்டு நோயாளியைப் பற்றிப் பேசுகிறோம். குடும்பம் சார்ந்த பராமரிப்பு என்றால் குடும்பத்தின் தலையில் வேலையைக் கட்டுவது இல்லை. அவர்களுக்குச் சொல்வதும், அவர்களிடம் கேட்பதும்தான்.

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று என் வீட்டிலேயே பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு முன் அப்பாவுக்கு நிமோனியா, புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் ஐ.சி.யு. இருபது வருஷம் ரைஸ் மில்லில் வேலை பார்த்த மனிதர். இடது காது சுத்தமாகக் கேட்காது, வலது காதில் மெஷின் வைத்தால்தான் கொஞ்சம் கேட்கும். அட்மிஷனில் மோதிரம், பல்செட், காது மெஷின் எல்லாவற்றையும் கழற்றி ஒரு பாலிதீன் கவரில் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள், "பேஷன்ட் குழப்பமா இருக்கார், கூப்பிட்டாத் திரும்பல, ட்யூபைப் பிடுங்கறார், கையைக் கட்டியிருக்கோம்" என்றார்கள். அம்மா பர்ஸைத் திறந்து அந்தக் கவரை எடுத்து நீட்டினாள். "இது இல்லாம அவருக்கு எப்படிம்மா கேக்கும்?" மெஷினை மாட்டியதும் அப்பா முதலில் கேட்டது, மணி என்ன என்றுதான். மணிக்கட்டில் காஸ் துணியின் அச்சு ஒரு வாரம் இருந்தது.

அங்கிருந்த சிஸ்டர்கள் கெட்டவர்கள் இல்லை. ஐந்து நிமிஷம் உள்ளே விட்டபோது நர்ஸான நானே மானிட்டரைத்தான் பார்த்தேன், காதைப் பார்க்கவில்லை. அம்மா பார்த்திருப்பாள். அம்மாவை விடவில்லை.

பெரியவர்கள் ஐ.சி.யு.விலும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பிரேசிலில் 36 ஐ.சி.யு.க்கள், 1,685 நோயாளிகள், முடிவு 2019-ல் வந்தது. ஒரு காலகட்டத்தில் குறைந்த நேரம் மட்டும் அனுமதி, இன்னொன்றில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை. உள்ளே விடும் நேரத்தைக் கூட்டியதால் நோயாளியின் மனக்குழப்பம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை, அதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் இன்ஃபெக்‌ஷன் கூடவில்லை. நர்ஸ்களின் சோர்வும் கூடவில்லை. குடும்பத்தாரின் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. நாம் பயப்படுகிற இரண்டும் நடக்கவில்லை, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

இப்போது என் அக்காவுக்கு. அக்கா, நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லாத ஒன்று இருக்கிறது: ஆள் இல்லை. போதனா மருத்துவமனைப் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. எந்த வார்டில் அப்படி நிற்கிறோம்? ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 4 லட்சத்துக்கும் அதிகமான அறுவைச் சிகிச்சை நோயாளிகளின் பதிவுகளை வைத்து அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கனின் குழு 2014-ல் வெளியிட்டது என்ன? ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. ஒரே ஒரு நோயாளி கூடினால்! எங்களை இரக்கம் இல்லாதவர்கள் என்று எழுதியவர்கள் இந்த எண்ணைப் படித்துவிட்டுப் பேசுங்கள். அந்த வீடியோவில் இருக்கிற பெண்ணை நாற்பது செகண்ட் பார்த்தீர்கள். அதற்கு முன்னால் எத்தனை மணி நேரம் நின்றுகொண்டிருந்தாள் என்று ஒருவராவது கேட்டீர்களா? சாப்பிட்டாளா என்று கேட்டீர்களா? என்னை ஒரு நோயாளியின் மகன் வார்டு நடுவில் வைத்துக் கன்னத்தில் அறைந்திருக்கிறான். மருத்துவமனையில் கை நீட்டினால் தண்டனை என்று தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் இருக்கிறது. அன்றைக்கு என் கையைப் பிடித்து உட்காரவைத்தது, பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்திருந்த அம்மாதான். அதையும் நான் மறக்கவில்லை.

அதனால்தான் அக்கா, ஆள் இல்லை என்பது கதவைச் சாத்தக் காரணம் ஆகாது என்கிறேன். பாலாடையில் பால் புகட்டவும், மூச்சு மாறினால் கூப்பிடவும் கற்றுக்கொடுத்த அப்பா வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருப்பதால் யாருக்கு என்ன லாபம்? ஆள் கேட்டுப் போராடுவோம், நானும் வருகிறேன். அந்தப் போராட்டத்தில் அவர்கள் நம் பக்கம் நிற்க வேண்டும் என்றால் முதலில் உள்ளே வரட்டும். வேலை எவ்வளவு என்று கண்ணால் பார்க்கட்டும்.

படிப்பைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. இதையெல்லாம் நமக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? குடும்பம் சார்ந்த பராமரிப்பு என்பது நான் படித்தபோது மனப்பாடம் செய்து எழுதிய ஒரு பதில். டிப்ளமோவுக்குப் பிறகு போஸ்ட் பேசிக் நர்சிங் பட்டம் படித்தபோது எங்கள் குழுவின் ப்ராஜெக்ட் கங்காரு பராமரிப்புதான். 60 அம்மாக்கள், ப்ரீ டெஸ்ட், சார்ட் காட்டி வகுப்பு, போஸ்ட் டெஸ்ட். அம்மாக்களின் அறிவு கூடியது என்று முடிவு. பைண்டிங் போட்டு நூலகத்தில் வைத்தாயிற்று. ஒரு அப்பாவையும் கேட்கவில்லை. அந்த 60 பேரில் எத்தனை பேருக்கு வார்டில் நாற்காலி கிடைத்தது என்று கேட்கவில்லை. அறிவு அம்மாக்களுக்குக் குறைவாக இல்லை, நாற்காலிதான் இல்லை. வருஷா வருஷம் இதே ஆய்வை நம் பிள்ளைகள் செய்கிறார்கள். டியூட்டரம்மாக்கள் யாராவது படித்தால், அடுத்த பேட்ச்சை ஒரே ஒரு வார்டில் நாற்காலி போட வைத்துவிட்டு அளக்கச் சொல்லுங்கள்.

பெண்களின் அந்தரங்கம், ஆண்கள் உள்ளே வந்தால் சங்கடம் என்றெல்லாம் கேட்டவர்களுக்கு: ஒரு திரைத்துணி போதும்.

அந்தத் தங்கச்சியின் பெயரையும் அவள் வேலை செய்யும் இடத்தையும் என் பதிவின் கீழே எழுதியவர்கள் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். மாலைக்குள் எடுக்காவிட்டால் நானே எடுத்துவிடுவேன். அக்காவின் கமெண்ட் இருக்கட்டும், அவருக்கு அந்த உரிமை உண்டு.

இன்றைக்கும் எனக்கு நைட்தான். எங்கள் வார்டில் நாலாம் நம்பர் வார்மர் குழந்தையின் அப்பா நேற்றே கூச்சப்பட்டுக்கொண்டு டி-ஷர்ட்டோடு நின்றார். இன்றைக்கு முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை போட்டு, குளித்துவிட்டு எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.