பத்து நாள் இடைவெளியில் இரண்டு உலைகள்

2024 செப்டம்பர் 30 அன்று பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின் நிலையம், நாட்டிங்காம் பக்கத்தில் இருக்கும் ராட்கிளிஃப், நின்றுபோனது. 142 வருட நிலக்கரி மின்சாரம் முடிந்தது என்று உலகப் பத்திரிகைகள் படம் போட்டுக் கொண்டாடின. அதே நாளில்தான் வேல்ஸில் போர்ட் டால்பட் எஃகு ஆலையின் கடைசி ஊதுலையும் (நிலக்கரிக் கரியால் இரும்பு உருக்கும் பெரிய உலை) அணைந்தது, நம் பக்கம் அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அதற்குப் பத்து நாள் முன்னால், ஒடிசாவின் கலிங்கநகரில் இந்தியாவிலேயே பெரிய ஊதுலையைத் தொடங்கிவைத்தார்கள். இரண்டுக்கும் முதலாளி டாடா ஸ்டீல்தான்.

அதை மூடித்தான் இதைத் திறந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. கலிங்கநகர் விரிவாக்கம் பல வருடம் முன்பே போட்ட திட்டம். ஆனால் போர்ட் டால்பட்டில் எஃகைத் தகடாக உருட்டும் வேலை இன்னும் நடக்கிறதே, புது மின் உலை வரும்வரை அதற்கான எஃகு எங்கிருந்து வருகிறது? நெதர்லாந்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. நாடுகள் ஐ.நா.வுக்குக் கொடுக்கும் கார்பன் கணக்கில், புகை எந்த மண்ணில் கிளம்புகிறதோ அந்த நாட்டின் தலையில்தான் எழுதுவார்கள். நடுக்கடலில் கப்பல் விடும் புகையோ எந்த நாட்டின் மொத்தத்திலும் சேராது!

1990ஐ விடப் புகையைப் பாதியாகக் குறைத்துவிட்டோம் என்று பிரிட்டன் சொல்வது பொய்யில்லை. 2012ல் அவர்கள் மின்சாரத்தில் சுமார் 40 சதவீதம் நிலக்கரியிலிருந்து வந்தது, இன்று பூஜ்யம். காற்றாலையும் எரிவாயுவும் செய்த வேலை அது, அந்தப் புகையை யாரும் மூட்டை கட்டிச் சீனாவுக்கு அனுப்பிவிடவில்லை. சரி, வாங்கிப் பயன்படுத்தும் பொருட்கள்? அந்த அரசே இறக்குமதியையும் சேர்த்துத் தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறது. உள்நாட்டுப் புகை இறங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே, அதாவது சீனா 2001ல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்து மலிவுச் சரக்கு கொட்ட ஆரம்பித்த அந்த வருடங்களில், இந்தக் கணக்கு 2007 வரை ஏறியது. பிறகு இதுவும் இறங்கியது உண்மைதான், ஆனாலும் ஏறக்குறைய பாதி இன்னும் வெளிநாட்டில் கிளம்பும் புகை.

அதில் கொஞ்சம் நம் திருப்பூர்ப் புகையும் உண்டு. லண்டன் கடையில் தொங்கும் டீ-ஷர்ட்டுக்குச் சாயம் போட இங்கே பாய்லரில் விறகு எரிகிறது. 2011ல் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்றான பிறகு, அந்த நீரைச் சுண்டவைக்கவே தனியாக எரிபொருள் வேண்டியிருக்கிறது. நொய்யல் ஆற்றுக்காக அது செய்தே ஆக வேண்டிய செலவு, ஆனால் ஆர்டர் கொடுப்பவர் பைசா கணக்கில் பேரம் பேசும்போது அது அவர் காதில் ஏறுவதில்லை.

இப்போது ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல் இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் இதெல்லாம் இறக்குமதியானால், தயாரிப்பில் கிளம்பிய புகைக்கு ஏற்ப எல்லையிலேயே கார்பன் கட்டணம் போடுகிறது, பிரிட்டன் 2027ல் தொடங்குகிறது. துணி இன்னும் பட்டியலில் இல்லை. வாங்குகிறவரும் புகைக்குப் பொறுப்பு என்று ஒப்புக்கொள்வதால் எனக்கு இதில் பாதி சம்மதம். மீதிப் பாதி ஏன் இல்லை என்றால், வசூலாகும் பணம் அவர்கள் கஜானாவுக்கே போகிறது. போர்ட் டால்பட்டுக்கு மின் உலை வைக்க பிரிட்டன் அரசு 50 கோடி பவுண்டு தருகிறது. திருப்பூருக்கு அங்கிருந்து வருவது, எவ்வளவு புகை விட்டீர்கள் என்று கேட்கும் படிவம்.