கட்டையைக் கழுவச் சொன்ன மகாராணி எழுதுவது

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டின் குழுவில் இருக்கிற எல்லாரும், கோழிக்கடையில் வெட்டுக் கட்டையைக் கழுவச் சொல்லி ஒரு பெண் நிற்கிற அந்த வீடியோவைப் பார்த்தாயிற்று. குழுவில் இல்லாதவர்களுக்கும் யாராவது வாட்ஸாப்பில் தட்டிவிட்டிருப்பார்கள். அதனால் முழுக்கதையையும் மறுபடி சொல்லப் போவதில்லை. ஆமாம், கோழிக்கடையில் கட்டையைக் கழுவச் சொன்னது நான்தான். கத்தியையும் கழுவச் சொன்னேன். “மகாராணிக்குத் தங்கத் தட்டில் வெட்டணுமாம்” என்று மேலே எழுதிப் போட்ட புண்ணியவானுக்கு நன்றி. அதற்குச் சிரிப்பு முகம் போட்டவர்களில் பலர் என் மகளின் பிறந்தநாளுக்கு வந்து என் கையால் சாப்பிட்டவர்கள். பெயர்களைப் பார்த்துக்கொண்டேன்.

வீடியோவில் இல்லாத அரை நிமிடத்தை மட்டும் சொல்கிறேன். எனக்கு முன்னால் நின்றவருக்குப் பொரியல் மாவில் புரட்டி வைத்திருந்த கோழியை அதே கட்டையில் போட்டு வெட்டிக் கொடுத்தார் கடைத் தம்பி. நடுவில் குழி விழுந்த பழைய மரக்கட்டை. கத்தி விழுந்த கோடுகளுக்குள் மஞ்சள் மாவு பிசின் மாதிரி அப்பியிருந்தது. கத்தியின் பிடிவரைக்கும் மாவு. ஒரு துணியால் மேலாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டு என் கோழியைத் தூக்கி அதன் மேல் வைத்தார். “தம்பி, கொஞ்சம் இருப்பா” என்றேன். உங்கள் படம் அங்கிருந்துதான் ஓடுகிறது.

என் மகளுக்குச் சீலியாக் நோய் இருப்பது இங்கே பலருக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்தவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் அவளுடைய நோய் எதிர்ப்புச் சக்தி அவள் சிறுகுடலையே தாக்கும். சத்தை உறிஞ்சுகிற நுண்ணிய விரல் போன்ற பகுதிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். பிறகு பிள்ளை எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. இதற்கு மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. வாழ்நாள் முழுக்க குளூட்டனைத் தவிர்ப்பதுதான் வைத்தியம்.

பச்சைக் கோழியில் குளூட்டன் இல்லை. ஆட்டில் இல்லை, மீனில் இல்லை. அதாவது கறிக்கடை எங்களுக்குப் பயமில்லாத இடமாக இருந்திருக்க வேண்டும். கறியில் இல்லாத மாவு கடையில் வந்து ஒட்டுகிறது. கட்டையில், கத்தியில், தராசுத் தட்டில், கையுறையில். கொத்துக்கறி அரைக்கும் மெஷினில் ரொட்டித்தூள் கலந்த பர்கர் கலவை ஓடியிருந்தால், அடுத்து அரைக்கிற சுத்தமான ஆட்டுக்கறியிலும் அது வரும். கண்ணுக்குத் தெரியாது. கேட்டால்தான் தெரியும். அதனால் கேட்கிறேன். இந்தப் பதிவில் நான் சொல்ல வந்ததே இவ்வளவுதான். கேட்பேன்.

“ஒரு பொட்டு மாவுக்கு இவ்வளவு அலம்பலா?” என்று ஒரு அண்ணன் கேட்டிருந்தார். அண்ணே, உணவுத் தரங்களை வகுக்கும் சர்வதேச அமைப்பான கோடெக்ஸ், குளூட்டன் இல்லாத உணவு என்று சொல்ல வைத்திருக்கும் வரம்பு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். இத்தாலிய மருத்துவர்கள் 2007இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உள்ளே போனாலே இந்த நோயாளிகளின் குடல் கெடுகிறது என்று அதில் தெரிந்தது. 50 மில்லிகிராம் என்பது ஏறக்குறைய அரை கிராம் மைதாவில் இருக்கிற அளவு. ஒரு தேக்கரண்டியில் கால் பங்குகூட வராது. நீங்கள் சொன்ன பொட்டு அதுதான்.

“நன்றாக வேகவைத்தால் எல்லாம் செத்துவிடும்” என்று ஒரு அக்கா. சாவதற்குக் குளூட்டன் கிருமி இல்லை அக்கா. கொதித்தாலும் பொரித்தாலும் அது அப்படியே இருக்கும். கைக்குத் தடவுகிற சானிடைசருக்கும் அசையாது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் போகும். அதைத்தான் அந்தத் தம்பியிடம் கேட்டேன். அவர் முகம் கோணவில்லை. உள்ளே போய்க் கழுவி, வேறு பிளாஸ்டிக் பலகையும் எடுத்து வந்தார். வீடியோவில் அந்த இடத்தை மட்டும் அழகாக வெட்டியிருக்கிறார்கள்.

அப்புறம், “அவ்வளவு பயமாக இருந்தால் சூப்பர்மார்க்கெட்டில் வாங்குவதுதானே” என்ற ஆலோசனை. ஈப்போவுக்கே போய் வாங்கிப் பார்த்தாயிற்று. அங்கே மசாலா தடவி அடுக்கி வைத்திருப்பதில் பெரும்பாலும் கிச்சாப் என்கிற சோயா சாஸோ சிப்பிச் சாறோ இருக்கும். சாதாரண கிச்சாப்பில் சோயாவோடு கோதுமையும் சேர்த்துத்தான் புளிக்க வைப்பார்கள். சாசேஜ், நகெட், பர்கர் இறைச்சி, மீன் உருண்டை எல்லாவற்றையும் திருப்பி, பின்னால் எறும்பு எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படிக்க வேண்டும். நம் நாட்டு 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, குளூட்டன் உள்ள தானியம் சேர்த்திருந்தால் பொட்டலத்தில் எழுதியாக வேண்டும். நல்ல சட்டம். ஆனால் கட்டையில் வெட்டிப் பையில் போட்டுக் கொடுக்கிற கறிக்கு எந்த லேபிள் இருக்கிறது? அங்கே என் வாய்தான் லேபிள்.

புரட்டாசி மாதம் எங்கள் வீட்டுக்குச் சைவ மட்டன் சமைத்து அனுப்பும் அன்புள்ளங்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சந்தையில் விற்கிற சைவ இறைச்சிகளில் பல கோதுமையின் குளூட்டனையே பிரித்தெடுத்துச் செய்தவை. என் பிள்ளைக்கு அதைவிட வினை வேண்டாம். “அப்படியானால் ரசமாவது ஊற்றிக்கொள்ளட்டும்” என்பார்கள். கூட்டுப் பெருங்காயத் தூள் பலவற்றில் கோதுமை மாவு கலப்பு உண்டு. டப்பாவைத் திருப்பிப் படித்துப் பாருங்கள், நான் கதை விடவில்லை.

இப்போது நான் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை சைவம் என்றால் சாப்பாட்டுக் கடையில் தனிக் கரண்டி கேட்காதவர் இந்த ஊரில் யார்? மாட்டிறைச்சி பட்ட சட்டி என்றால் எத்தனை பேர் தட்டைத் தள்ளிவிட்டு எழுவீர்கள்? நானும் எழுவேன், குறை சொல்லவில்லை. மலாய்க்கார நண்பர் வீட்டுக்கு வந்தால் ஹலால் கடையில் தேடிப்போய் வாங்கி, புதுப் பாத்திரத்தில் சமைக்கிறோம். அது மரியாதை என்கிறோம், மரியாதைதான். நம்பிக்கைக்காகத் தனிப் பாத்திரம் கேட்டால் தலையாட்டுகிற ஊர், குடலுக்காகத் தனிக் கத்தி கேட்டால் வீடியோ எடுக்கிறது. இதில் திமிர் பிடித்தது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

பின்னால் கூட்டம் நின்றது, உண்மை. ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லாருக்கும் அவசரம். நின்றால் என்ன? காருக்கு எண்ணெய் போடுகிற இடத்தில், லாட்டரி நம்பர் எடுக்கிற கடையில் எல்லாம் மூச்சு விடாமல் நிற்கிறீர்களே.

“எங்கள் காலத்தில் இப்படி ஒரு நோயே இல்லை, இது பணக்கார வீட்டு நோய்” என்று எழுதியவருக்குத்தான் எனக்குக் கோபம் அதிகம். நான் எந்தப் பணக்கார வீடு? தோட்டத்து லயத்தில் பிறந்து, அம்மா விடிவதற்கு முன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்ச் சம்பாதித்த காசில் படித்தவள். இந்த நோயைச் சாமுவேல் ஜீ என்ற ஆங்கிலேய மருத்துவர் 1888லேயே விவரித்து எழுதிவிட்டார். காரணம் கோதுமை என்று காட்டியவர் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். 1944-45 போர்க்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதபோது இந்தக் குழந்தைகள் தேறினார்கள், ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். அவர் அதைக் கவனித்தார். மலேசியாவிலும் 2015இல் ஒரு ஆய்வு வந்தது. இரத்தத்தில் இதற்கான அடையாளம் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று அதிகமாகவே இருந்தது, மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரிடமும். பணம் பார்த்து வருகிற நோய் இல்லை.

எங்கள் காலத்தில் இல்லையாம். என் சின்ன அத்தையை எனக்கு நினைவிருக்கிறது. ரொட்டியும் தேநீரும்தான் அவருக்குக் காலைச் சாப்பாடு. வயிறு எப்போதும் ஊதியிருக்கும், கை குச்சி மாதிரி. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரஸர் பூச்சி மாத்திரை கொடுப்பார், இரும்புச் சத்து மாத்திரை கொடுப்பார். யாரோ கண்ணேறு என்றார்கள், யாரோ பிள்ளை இல்லாத ஏக்கம் என்றார்கள். அத்தைக்கு என்ன நோய் என்று கடைசிவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. இதே நோய் என்று நான் சொல்லவில்லை, சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் சோதித்தே பார்க்காத காலத்தைக் காட்டி ‘அப்போது இல்லை’ என்று அடித்துச் சொல்கிறவர்களுக்கும் அந்தத் தகுதி இல்லை. என் மகளுக்கே இரத்தப் பரிசோதனையும் குடல் திசுப் பரிசோதனையும் ஆகிப் பெயர் தெரிவதற்குள் வகுப்பிலேயே குள்ளமான பிள்ளை ஆகிவிட்டாள்.

தீபாவளிக்குத் தோட்டத்தில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரு ஆடு வாங்குவார்கள். வாழை இலை விரித்துக் கூறு போடுவார்கள். ஈரலில் ஒரு துண்டு, எலும்பில் இரண்டு, கொழுப்பில் கொஞ்சம் என்று எல்லாக் கூறிலும் ஒரே மாதிரி விழ வேண்டும். பேறுகால வீட்டுக்கு ஈரல் கூடுதலாக வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேட்பார்கள். கொடுப்பார்கள். யாரும் மகாராணி என்று பட்டம் கட்டியதில்லை. அதே ஆட்களின் பிள்ளைகள்தான் இப்போது தாமான் என்கிற குடியிருப்புகளில் வீடு வாங்கிக்கொண்டு கைப்பேசியைத் தூக்குகிறார்கள். எனக்கு வலிக்கிறது, மறைக்கவில்லை.

ஒரு தங்கை நல்ல எண்ணத்தில், “பெண்பிள்ளை, இதை வெளியே சொல்லாதீர்கள், நாளைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டாமா” என்று தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். அவளுக்கு வயது ஒன்பது. கோழிக் கட்டையிலிருந்து கல்யாணப் பந்தல் வரைக்கும் போய்விட்டோம் பாருங்கள். கட்டையைப் பற்றி வாயைத் திறக்காமல் வளர்த்து, எலும்பு தேய்ந்து, இரத்தசோகையோடு கட்டிக் கொடுக்கச் சொல்கிறீர்களா? மறைத்துக் கட்டுகிற வீட்டில் கட்டையைக் கழுவச் சொல்ல அவளுக்கு வாய் வருமா?

இனி நடைமுறை. கடை திறந்ததும், மாவு டப்பா மூடியைத் திறப்பதற்கு முன்னால் வந்து நிற்பேன். கோழியை முழுசாக வாங்கி வீட்டில் நானே வெட்டிக்கொள்ளவும் பார்க்கிறேன். ஆட்டுக்கறியை மூடி ஒட்டிய உறைபனிப் பொட்டலமாகவே எடுத்துக்கொள்வேன். கொத்துக்கறிக்கு வீட்டில் சின்ன மெஷின் வாங்கியாயிற்று, காசு போனது போனதுதான். அப்படியும் சில நாள் நேரம் தவறி வருவேன். வந்தால் கட்டையைக் கழுவச் சொல்வேன். படம் எடுக்க ஆசைப்படுகிறவர் முன்னால் வந்து, தம்பி கழுவி முடிக்கிற வரைக்கும் எடுங்கள்.

கருத்துப் பெட்டியை மூடவில்லை. என்னைத் திட்டுங்கள், பரவாயில்லை. பிள்ளையைப் பற்றி ஒரு வரி வந்தாலும் தூக்கிவிடுவேன், சொந்தக்காரராக இருந்தாலும் சரி.