பலகையில் இருக்கும் ஊர்ப் பெயர்

இரண்டு நாளாக எல்லோர் சமூக வலைப் பக்கத்திலும் சுற்றும் அந்தக் கண்காட்சிக் கடைப் படத்தை நானும் பார்த்தேன். மேலே 'பவானி ஜமக்காளம்' என்று பலகை. கீழே அடுக்கியிருப்பது அத்தனையும் விசைத்தறிச் சரக்கு. அதைச் சொன்னதற்கு, "விரித்து உட்காரத்தானே போகிறோம், எதுவாக இருந்தால் என்ன?" என்று நண்பர்களே கேட்டுவிட்டீர்கள். மனசு வலிக்கிறது.

அது பவானி ஜமக்காளம் இல்லை. எங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் கைத்தறியில் நெய்வதுதான் பவானி ஜமக்காளம். 2005-06இல் அதற்குப் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊர்ப் பொருளுக்கே அந்தப் பெயர் என்ற சட்ட உரிமை, கொடுத்தார்கள். 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி ஜமக்காளம் கைத்தறிக்கு மட்டும் உரியது. விசைத்தறியில் நெய்வதே குற்றம்.

பவானி என்றால் உங்களில் பலருக்குக் கூடுதுறை. நீலகிரிப் பக்கமிருந்து வரும் பவானி ஆறு, மேட்டூரிலிருந்து இறங்கும் காவிரியோடு சேருமிடம். சங்கமேஸ்வரரைக் கும்பிட்டு, 1804இல் வில்லியம் காரோ என்ற வெள்ளைக்கார கலெக்டர் வேதநாயகி அம்மனுக்குக் கொடுத்த தந்தக் கட்டிலைப் பற்றிக் கேட்டுவிட்டு, அடுத்த பஸ் ஏறிவிடுவீர்கள். கோயிலுக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் தறிக்குழியை யார் எட்டிப் பார்த்தீர்கள்?

எங்கள் அப்பாரு, அப்பாவின் அப்பா, அந்தக் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துதான் எழுந்திருப்பார். அகலமான ஜமக்காளத்துக்கு ஒரு ஆள் பத்தாது. பக்கத்தில் அப்பா உட்காருவார். குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும். இருவருக்கும் சண்டை என்றால் அன்றைக்குத் தறி ஓடாது. 2018 ஆகஸ்டில் மேட்டூர், பவானிசாகர் அணைகள் இரண்டிலிருந்தும் ஒரே சமயத்தில் வெள்ளம் வந்தபோது, வீட்டில் முதலில் நிறைந்தது அந்தக் குழிதான். தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பாவு நூல் முழுக்கச் சேறு. அப்பா ஒன்றும் பேசவில்லை. தண்ணீர் வடிந்ததும் குடத்தால் சேற்றை மொண்டு ஊற்றினார்.

விசைத்தறிக்காரர்களும் பிழைக்க வேண்டாமா என்கிறீர்கள். பிழைக்கட்டும். காவிரிக்கு அக்கரையில் குமாரபாளையத்தில் என் சொந்தங்களே விசைத்தறிதான் ஓட்டுகிறார்கள். லுங்கியோ துண்டோ, அவர்கள் பெயரில்தான் விற்கிறார்கள். சாயத் தண்ணீரை ஆற்றில் விட்டதும் நெசவுத் தொழில்தானே என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் இந்தப் பலகைக்கும் என்ன சம்பந்தம்?

விலை அதிகம் என்கிறவர்களுக்கு என்ன சொல்ல! இரண்டு ஆள் உழைப்பு அதில் இருக்கிறது. அந்தக் கூலி பத்தாமல்தான் எங்கள் தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. "நீ தறிப்பக்கம் வராதே கண்ணு" என்று சொல்லித்தான் அப்பா என்னைப் படிக்க அனுப்பினார். நானும் போய்விட்டேன். எங்கள் வீட்டுக் குழியை மூடி சிமெண்டு பூசியாகிவிட்டது. மேலே இப்போது பீரோ நிற்கிறது.

கடைக்காரர் அந்தச் சரக்கை என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்து விற்கட்டும். பலகையில் இருக்கும் 'பவானி'யை மட்டும் அழிக்கட்டும்.